அறிவழகன் கிழித்த கோடு

கவச ஜீப் கைக்கு வரும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று அறிவழகன் சபதம் எடுத்தான். தாடி வந்தது. ஜீப் வரவில்லை.

அந்த ஜீப்பைப் பெரம்பலூரில் எந்த ஷோரூமிலும் தேட வேண்டாம். அது அவனுடைய கம்ப்யூட்டர் கேமுக்குள் இருந்தது. கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஒரு தீவில் இறக்கி விட்டுவிடுவார்கள். எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், யாரை வேண்டுமானாலும் சுடலாம், ஏன் என்று கேட்க நாதி கிடையாது. வண்டி மட்டும் சும்மா வராது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலை சொல்வார்கள். அதை முடித்தால்தான் வண்டி அன்லாக் ஆகும். ஆகிவிட்டால் இஷ்டத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம், டயர் மாற்றலாம், பிடித்ததை எழுதி ஸ்டிக்கர் ஒட்டலாம். கவச ஜீப்பை எதிரி முகாமிலிருந்து கிளப்பி, தீவின் மறுகோடியிலிருக்கும் ஷெட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அறிவழகன் சுட்டுக்கொண்டே முகாமுக்குள் நுழைவான். சுட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறுவான். பாலத்தை எட்டும்போது ஜீப்போடு சேர்ந்து வெடித்துப் போவான். மறுபடியும் முதலிலிருந்து.

தாடியைப் பார்த்த அவன் அம்மா அமிர்தவல்லி, மகன் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு ஏதோ வேண்டுதல் வைத்திருக்கிறான் என்று தானாகவே முடிவு செய்து தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மகனுடைய பக்திக்கு வாசலிலேயே சாட்சி நின்றது. அவர்களுடைய வெள்ளைக் காரின் இடது பக்கப் பின் கதவில் ‘மதுரகாளி துணை’ என்று மஞ்சளில் ஒரு நீள ஸ்டிக்கர். எல்லோரும் சாமி பெயரைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். இவன் பக்கவாட்டுக் கதவில், அதுவும் சாய்வாக ஒட்டியிருந்தான். காரணம் இதுதான். அம்மாவும் மனைவியும் வீட்டில் இல்லாத ஒரு நாள், காரை உள்ளே விடும்போது கேட்டில் தேய்த்துவிட்டான். கதவில் விழுந்த கோடு எப்படிச் சாய்ந்திருந்ததோ, அதை மறைக்க வந்த அம்மனும் அப்படியே சாய வேண்டியதாயிற்று. அமிர்தவல்லி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ஸ்டிக்கருக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

இந்தக் காரை அவன் ஓட்டியதை விடப் போர்த்தி வைத்ததுதான் அதிகம். அவனுக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். மனைவி வெற்றிச்செல்விக்கு அரியலூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவாள். கார் பூப்போட்ட உறைக்குள் படுத்துத் தூங்கும். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வாங்கியது. கார் சாவியைக் கேட்டால் மட்டும் அறிவழகனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

“உனக்கு இன்னும் அன்லாக் ஆகல, செல்வி.”

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி வரும் என்பான். கரும்பு டிராக்டர் வரும் என்பான். மாடு வரும், மழை வரும். அதே லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவில்தானே என் பஸ்ஸும் போகிறது, அது என்ன ஆகாயத்திலா போகிறது என்று அவள் கேட்டாள். பதில் தெரியாத கேள்விக்கு ஆம்பிளைகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், சத்தத்தைக் கூட்டிவிடுவது. அறிவழகன் கேமின் சத்தத்தைக் கூட்டினான். ஒரு தடவை குடுத்துத்தான் பாரேன் என்று அமிர்தவல்லியே மருமகளுக்காகப் பேசியபோதும் அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் கிழிச்ச கோட்டை அவ தாண்ட மாட்டாம்மா. நீ வேற ஏத்தி வுடாத.”

ஆனால் செல்வி கேட்பதை நிறுத்துகிற ரகமில்லை. காபியோடு கேட்டாள், சோற்றோடு கேட்டாள். பாலத்தருகே அவன் வெடித்துச் சிதறுகிற நேரமாகப் பார்த்துக் கேட்டாள். பொறுக்க முடியாமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. தன்னாலேயே முடியாத வேலையை அவள் தலையில் கட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்வாள்.

“சரி, இந்த ஜீப்பை ஷெட்டு வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஒரு கோடு வுழாம கொண்டாந்து நிறுத்திட்டா கார் சாவி உனக்கு.”

“கோடு தெரியக் கூடாது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“மதுரகாளி மேல சத்தியம்.”

சமையலறையிலிருந்த அமிர்தவல்லி அம்மன் பெயர் காதில் விழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அறிவழகன் முறுக்கு டப்பாவோடு கட்டிலில் சாய்ந்தான். செல்வி நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டாள். பிறகு துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டாள்.

“துப்பாக்கியை வெளிய எடு.”

“எதுக்குங்க?”

“சுடறதுக்கு.”

“யாரை?”

“கண்ணுல படறவன எல்லாம்தான்.”

“அவங்க நம்மள என்ன பண்ணாங்க?”

இந்தத் தடவை சத்தத்தைக் கூட்ட வழியில்லை, மவுஸ் அவள் கையில் இருந்தது. அவள் முகாமுக்குள் ரேஷன் கடைக்குப் போவதைப் போல நடந்து போனாள். காவலுக்கு நின்றவன் பார்த்தான், கொட்டாவி விட்டான், திரும்பிக்கொண்டான். ஆயுதம் எடுக்காதவரை அவர்கள் சுட மாட்டார்கள் என்று கேமின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அறிவழகன் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. செல்வி ஜீப்பைக் கிளப்பி, ஓரமாக, நிதானமாக, திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்துக்கொண்டு போனாள். எதிரிகள் ஒதுங்கி வழி விட்டார்கள். பாலத்தில் ஒரு லாரி வந்தது. நிறுத்தி அதைப் போக விட்டாள். இத்தனை நாளும் அவனைக் கொன்ற பாலம் அவளுக்கு வெறும் பாலமாக இருந்தது. முறுக்கு அவன் வாயிலேயே நின்றுவிட்டது. வேகமாகப் போ என்றான். இவ்வளவு மெதுவாகப் போனால் செல்லாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

ஷெட் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் வாசலில் சிலிண்டர் வந்தது. எழுந்து போனவன், காலி சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓட்டமாக உள்ளே வந்தான். ஜீப் ஷெட்டுக்குள் நின்றது. அன்லாக் ஆகிவிட்டது என்று திரையில் வாணவேடிக்கை நடந்தது. அதற்குள் அவள் மஞ்சள் பெயின்ட் அடித்து, டயர் மாற்றி, ஸ்டிக்கரும் ஒட்டி முடித்திருந்தாள். ‘மதுரகாளி துணை.’

ஆசைப்பட்ட ஜீப் வந்துவிட்டது. வயிறுதான் எரிந்தது. மவுஸை வாங்கி, ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முன்னால் கோடு இல்லை. வலப்பக்கம் இல்லை. பின்னாலும் இல்லை. இடப்பக்கம் வந்ததும் கை நின்றது. ஸ்டிக்கர் பின் கதவில் இருந்தது. சாய்வாக இருந்தது. ஸ்டிக்கரைக் கதவில் ஏன் சாய்வாக ஒட்டுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? தாயே மன்னிச்சிடு என்று முணுமுணுத்துவிட்டு ஸ்டிக்கரை நீக்கினான். அடியில், மஞ்சள் பெயின்ட்டுக்கும் மறையாமல், கதவின் நீளத்துக்கு ஒரு கோடு.

“அம்மா, இங்க வாயேன், உன் மருமவ லட்சணத்த வந்து பாரு” என்று குரல் கொடுத்தான். தாடிக்குள் அவன் சிரித்து வெகு நாளாகியிருந்தது. “கோடு வுழுந்திருக்கு. சாவி கெடையாது.”

“ஆமாங்க. ஷெட்டு கேட்டுல லேசா தேச்சிடுச்சு” என்றாள் செல்வி, பதற்றமே இல்லாமல். “ஆனா ஸ்டிக்கர் ஒட்டிட்டா அது கணக்குல வராதே. நம்ம வூட்டு வழக்கம் அதுதானே?”

“என்ன வழக்கம்?”

“காரைத் துடைக்கிறது நான்தாங்க. அம்மன் பேருக்கு ஓரத்துல கேட்டோட பச்சை பெயின்ட் எட்டிப் பாக்குது. கேட்டுல காரோட வெள்ளை இருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அத்தை கையில குங்குமச் சிமிழோட வராங்க. வாசலுக்குப் போய் அந்த ஸ்டிக்கரையும் உரிச்சுக் காட்டிடட்டுமா?”

அறிவழகன் ஜீப்புக்கு அவசர அவசரமாக மறுபடியும் ஸ்டிக்கர் ஒட்டினான்.

“எதுக்குடா கூப்பிட்ட?” என்றபடி அமிர்தவல்லி உள்ளே வந்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. செல்வி ஜெயிச்சுட்டா. நாளையிலேருந்து கார்லதான் போவா. குங்குமம் வெச்சு வுடு.”

திரையில் அம்மன் பெயரோடு ஜீப் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். “அப்ப இந்த ஜீப்பு கெடைச்சிருச்சா? இதுக்காகத்தான் தாடி வுட்டியா?” அமிர்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. “வேண்டுதல் பலிச்சிருச்சுல்ல? நாளைக்குத் திங்கக்கெழமை தம்பி, கோயில் தொறக்கற நாளு. தாடிய மட்டும் எடுத்தா அம்மனுக்குக் கொறையா இருக்கும். மொட்டையே போட்டுடு.”

மறுநாள் செல்வி லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தாள். முன் சீட்டில் மாமியார். திரும்பி வரும்போது பின் சீட்டில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அறிவழகன். லாரிகள் வந்தன. செல்வி ஹாரன் அடித்தாள், வழி விட்டாள், தன் வழியில் போனாள்.

“எவ்வளவு பதவிசா ஓட்டறா பாரு” என்று அமிர்தவல்லி பின்னால் திரும்பிப் பூரித்தாள். “நீ சொன்னது சரிதாண்டா. நீ கிழிச்ச கோட்டை இவ தாண்டவே மாட்டா.”

செல்வி கண்ணாடியில் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

“எப்படி அத்தை தாண்டுவேன்? நீங்க வாராவாரம் குங்குமம் வெச்சுக் கும்புடற கோடாச்சே.”