அந்தோனியார் தலையில் விழுந்த சிவப்பு

நன்றாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கும். அரைகுறையாகத் தெரிந்ததை விளக்கும்போதுதான் அது மேடைக் குரலாகும். காரைநகரில் பிறந்த எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு என்பாள் என் மனைவி (அவள் பக்கத்துத் தீவான வேலணைக்காரி, அப்படித்தான் சொல்லுவாள்).

அது போர் நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம். கொழும்பில் கணினி படித்து முடித்துவிட்டு வந்த எனக்கு ஊர்காவற்றுறையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. நான் போய்வந்த பஸ்ஸில் லாப்டொப் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அது நிறுவனத்தின் சொத்து என்பதை நானாகப் போய் யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு ஏறினால் பெரிய மனிதர்களே ஒதுங்கி இடம் விடுவார்கள்.

எனக்குத் தரப்பட்ட வேலை ஒரு மலசலகூடத்துக்கு இடம் பார்ப்பது. பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கரை. கருவாடு போடுகிற பெண்கள் விடியப் போனால் பின்னேரம்தான் வீடு திரும்புவார்கள். முன்பு அவசரத்துக்குப் பற்றைப் பக்கம் போனார்கள். பற்றைக்கு அருகில் படையினரின் காவலரண் வந்தபிறகு அதற்கும் வழியில்லை. காலையில் ஒரு மிடறு தேத்தண்ணி கூடக் குடிக்காமல்தான் வேலைக்கு வருவார்களாம். நிறுவனம் கட்டிக்கொடுக்கத் தயார். ஆனால் எங்கள் பணிப்பாளர் ஒரு நிபந்தனை வைத்தார்: இடத்தை ஊர் ஒருமனதாகச் சொல்லவேண்டும். இழுபறி என்றால் கட்டடம் மண்டைதீவுக்குப் போய்விடும்.

புத்தியுள்ளவன் என்றால் அந்தப் பெண்களைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், எங்கே வேண்டும் என்று கேட்டிருப்பான். நான் படித்தவன் அல்லவா? கோயில் மணிக்கூண்டில் ஏறி முழுக் கரையையும் ஒரு படம் எடுத்தேன். வள்ளங்கள், வடக்கிலும் தெற்கிலும் மீனவர் தங்கும் வாடிகள், கருவாடு காயப்போடும் இடம், பூவரசு, நட்டநடுவில் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் சிலை, எல்லாம் படத்தில் இருந்தன. அந்தப் படத்தை லாப்டொப்பில் போட்டு ஒரு புரோகிராமும் எழுதினேன். ஒவ்வொருவரும் மௌசைப் பிடித்து, மலசலகூடம் வரவேண்டிய இடத்தில் அம்பைக் கொண்டுபோய் அமத்தவேண்டும். கனபேர் ஓரிடத்தில் அமத்தினால் அந்த இடம் நீலம், பச்சை, மஞ்சள் என்று ஏறிக் கடைசியில் சிவப்பாகும். இதற்கு வெப்பப்படம் என்று நானே தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டேன்.

அமத்துவதை யாரும் எட்டிப் பார்க்காதபடி ஒரு பழைய சீலையை மறைப்பாகக் கட்டினேன். தேர்தல் ஆணையாளர் என்னிடம் வந்து படிக்கவேண்டும் என்ற நினைப்பு எனக்கு. முதலில் வந்தவர் றோசலின் அக்கா. கருவாட்டுப் பெண்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. மௌசைக் கையில் வாங்கி, நண்டைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒருக்காலுக்கு மேல அமத்தலாமோ?"

"தாராளமா அமத்துங்கோ அக்கா. கொம்பியூட்டர் கோவிக்காது."

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒருவர் எத்தனை தரம் அமத்தினாலும் முதலாவதைத்தான் என் புரோகிராம் கணக்கெடுக்கும். மனிதனின் முதல் எண்ணமே உண்மையான எண்ணம் என்பது என் கொள்கை (எங்கே படித்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை).

முடிவு சொல்லும் நாள் வந்தது. கோயில் மண்டபத்து யன்னல்களைப் பாயால் மறைத்து இருட்டாக்கினோம். வெளியே ஜெனரேட்டர் இரைந்தது. முன்வரிசையில் பணிப்பாளர், பங்குச் சுவாமியார், மீனவர் சங்கத் தலைவர் சவிரிமுத்து அண்ணை. பின்னால் ஊர். முடிவை நானே இன்னும் பார்க்கவில்லை. ஊரோடு சேர்ந்துதான் பார்ப்பேன், அதுதான் நேர்மை என்று அறிவித்துக் கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

பொத்தானை அமத்தினேன். திரையில் கரை தெரிந்தது. அதன் நடுவில் நீலம் கசிந்து, பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் தேங்காய் அளவில் ஒரு சிவப்பு வந்து நின்றது. வேறெங்கும் ஒரு பொட்டும் இல்லை. எனக்குப் புல்லரித்தது.

"பாத்தீங்களோ சேர்? என்ன ஒற்றுமை! இந்தச் சிவப்பு இடத்திலதான் மலசலகூடம் வரவேணும் எண்டு ஊரே ஒரே குரலில கேக்குது."

முன்வரிசை முழுக்கத் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டியது. என் திறமையில் மயங்கிப் போனார்கள் என்று நினைத்தேன்.

சவிரிமுத்து அண்ணை மெல்ல எழும்பினார். "தம்பி, அந்தச் சிவப்பை ஒருக்கால் விலத்தும் பாப்பம்."

விலத்தினேன். கையில் குழந்தை இயேசுவோடு அந்தோனியார் நின்றார். பதறிப்போய்த் திரும்பவும் அமத்தினேன். சிவப்பு வந்து அவர் தலையில் குந்தியது. அவசரத்தில் இன்னும் இரண்டு தரம் அமத்திவிட்டேன். சுவாமியார் குனிந்து சிலுவை அடையாளம் போட்டார்.

"ஆரடா அந்தோனியாரில கக்கூசு கேட்டது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வடக்கு வாடிக்காரர் தெற்கு வாடிக்காரரைப் பார்த்தார்கள். தெற்கு வாடிக்காரர் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். பணிப்பாளர் கையில் விரித்து வைத்திருந்த கோவையை மூடினார்.

"இது சரிவராது யோகன். மண்டைதீவில கேட்டுப் பாப்பம்."

அப்போது எனக்குப் பயம் வந்தது. வேலை போவதை நினைத்து மட்டுமில்லை. பின்வரிசைப் பெண்களின் முகங்களைப் பார்த்தேன். இன்னொரு வருடம் தேத்தண்ணி குடிக்காமல் வேலைக்கு வரவேண்டும் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. அந்த முகங்களைப் பார்க்க என்னால் முடியவில்லை, வெட்கமாக இருந்தது.

றோசலின் அக்கா எழும்பினார். "சேர், கொஞ்சம் பொறுங்கோ. கடலுக்கு இறங்கினாலும் சரி, கருவாடு போட வந்தாலும் சரி, நாங்கள் அவற்ற கூட்டைத் தொட்டுக் கும்பிட்டிட்டுத்தான் தொடங்கிறது. படத்தில அவர் நிக்கேக்க தொடாமப் போகலாமே? நான் அந்த அம்பால அவரைத் தொட்டிட்டுத்தான் இடத்தைக் காட்டினனான்."

"நானும்" என்றது ஒரு குரல். "நானும் அப்பிடித்தான்." மண்டபம் முழுக்க நானும், நானும் என்று கேட்டது. சவிரிமுத்து அண்ணைகூடத் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும்தான்" என்றார். முதலில் சிரித்தவர் சுவாமியார். பிறகு ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லை.

பணிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அவை ரெண்டாவதா அமத்தினது எங்க?"

"எல்லாம் பதிஞ்சு இருக்கு சேர்" என்றேன் அதே மேடைக் குரலில். உண்மையில் பதிந்ததோ இல்லையோ எனக்கே தெரியாது. புரோகிராமைத் திறந்து ஒன்று என்ற இடத்தில் இரண்டு என்று மாற்றினேன். படம் வந்தது. கருவாடு காயப்போடும் இடத்துக்குப் பின்னால், பூவரசடியில், காவலரணுக்கு முதுகு காட்டிய வெளியில் நீலம் கசிந்து அழகாகச் சிவந்தது. பெண்கள் பக்கமிருந்து சம்மதமாக ஒரு நீண்ட "ஓம்" வந்தது.

அதோடு, கரையோரம் இருந்த சவிரிமுத்து அண்ணையின் வீட்டுக் கூரையில் ஒரு சின்ன நீலப் பொட்டும் இருந்தது. "இது ஆர்ற வேலை?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி கவனமாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணிப்பாளர் அங்கேயே கையெழுத்து வைத்தார். மாரிக்கு முன்னரே கட்டடம் எழும்பியது, ஒரு பக்கம் பெண்களுக்கு, மறுபக்கம் ஆண்களுக்கு. திறந்த அன்று கரையில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். றோசலின் அக்கா என் முன்னாலேயே இரண்டு கோப்பை குடித்தார். என் வெப்பப்படம் வென்றுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஊரும் நன்றி மறக்கவில்லை, அந்தக் கட்டடத்துக்கு என் பெயரையே வைத்துவிட்டது.

இது பின்னர் எனக்குக் கலியாணம் பேசும்போது உதவியது. எங்கள் தீவுகளில் ஒரு குடும்பத்தின் தரம் பள்ளிக்கூட மண்டபத்திலோ கோயில் மடத்திலோ எழுதிய பெயரில்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று பெண்ணின் தகப்பனார் கேட்க, தரகர் அலட்டாமல், "கரையில ஒரு கட்டடமே அவற்ற பேரிலதான் ஐயா" என்றாராம். நல்ல மனிதர், நம்பிவிட்டார். பட்டு வேட்டி சால்வையோடு, உறவுக்காரர் நாலுபேரையும் ஒரு வாடகை வானில் ஏற்றிக்கொண்டு நேரில் பார்க்கவே போய்விட்டார்.

கரையில் இறங்கி, கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். "பிள்ளை, யோகன்ர கட்டடம் எங்க இருக்கு?"

அந்தப் பெண் நிமிர்ந்து, அவரையும் கூட வந்த நாலுபேரையும் இரக்கத்தோடு பார்த்தாளாம்.

"எல்லாருக்கும் அவசரமோ ஐயா? ஆம்பிளையளுக்கு மற்றப் பக்கத்தால வழி."

அப்படியும் பெண்ணைத் தந்தார். ஆனால் இன்றைக்கும் மாமா வீட்டில் சாப்பாட்டின் நடுவே நான் கதிரையை விட்டு எழும்பினால் போதும், மாமா தலை நிமிராமலே கேட்பார்: "மாப்பிள்ளை, கட்டடம் பாக்கப் போறீரோ?"