கேண்டில் விலை இறங்கும் என்று நான் சொன்ன நாள்

அன்று காலை பதினொன்றே காலுக்கு நான் வாயைத் திறந்தேன். அதுவரை எங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

திருச்சுழி ரோட்டில் எனக்கு உரக்கடை. மானியத்தை நம்பியே நடக்கிற தொழில். யூரியா மூட்டையின் உண்மையான விலை ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற திமிர் வேறு. போதாததற்கு, கைக்காசு போட்டு என் வயக்காட்டில் சொட்டுநீர்க் குழாய் பதித்த மறு மாதமே முழு மானியம் அறிவித்தார்கள். ஊரே சிரித்தது. இனி எதற்கும் முழு விலை கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தேன். (முட்டாள் முடிவெடுத்தால் உறுதியாகத்தான் எடுப்பான்.)

ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊரில் குடிநீர் பில்டர் விற்றது. முதல் வருடம் பில்டருக்கும் அதன் கேண்டிலுக்கும் பாதி விலை. தெருவே வாங்கியது. உள்ளே தண்ணீரை வடிகட்டும் அந்த வெள்ளைக் கேண்டிலை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வருடம் முடிந்ததும், அந்தப் பதினொன்றே காலுக்கு, நிறுவனத்துப் பெண் செல்வராணி கேண்டில் பெட்டியோடு கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, சலுகை முடிஞ்சிருச்சு. இனிமே முழு வெல. ஐந்நூறு.”

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு நிற்காது.

“போன வருசம் எரநூத்தம்பது, இந்த வருசம் ஐந்நூறா? ஒருத்தரும் வாங்காதீக. ரெண்டே மாசம். சரக்கு தேங்குனா தன்னால எறக்குவாக. மானியத்தப் பத்தி எனக்குத் தெரியாதா?”

பருத்திக்கு மருந்து வாங்க வந்த முத்துலட்சுமி மட்டும் பணத்தை எடுத்து நீட்டினாள்.

“ஏத்தா, ஏமாந்து போகாத” என்றேன்.

“ஒரு வருசம் குடிச்சுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. எம்புள்ள ஒரு நாளு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காரல. வெல கூடுனதுக்கு வயிறு என்ன செய்யும்?”

அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது. அவள் குடித்த அதே தண்ணீரைத்தான் நாங்களும் ஒரு வருடம் குடித்திருந்தோம். என் மண்டையில் தங்கியது பாதி விலை மட்டும்.

இரண்டு மாதம் நான்காயிற்று. விலை இறங்கவில்லை. கேண்டில் பழுப்பேறி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது.

“ஏங்க, ஒண்ண வாங்கிப் போட்டுத் தொலைங்க” என்றாள் மனைவி.

நான் கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். கேண்டிலில் வெடிப்பு விழுந்தது. அதன்வழி தண்ணீர் வடிகட்டாமலே விறுவிறுவென்று இறங்க, “பாத்தியா, புதுசு தோத்துரும்” என்று பெருமை பேசினேன்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் மகள் கயல்விழிக்குக் காய்ச்சல். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். “தண்ணி காய்ச்சிக் குடிக்கிறீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “பில்டர் இருக்கு சார்” என்றேன், கூசாமல்.

ஏழாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. என்னை அடையாளம் தெரியாமல் “அண்ணாச்சி” என்று கூப்பிட்டாள். பெற்ற மகள்.

என் சொற்பொழிவைக் கேட்டவர்களில் இரண்டு பேர் அதே வார்டில்தான் படுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் கருப்பசாமி, கையில் குளுக்கோஸ் ஊசியோடு தலையைத் திருப்பினான்.

“ஏ மாமா, வெல எப்ப எறங்கும்? எங்க காய்ச்சலுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

மூன்று நாளாக என்னோடு பேசாத மனைவி அவனிடம் சொன்னாள்: “நல்லாக் கேளுங்க தம்பி.”

கயல் பிழைத்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். செருப்பு வாங்கக் கடைக்குப் போனாலும், “ரெண்டு மாசம் பொறுப்பமாப்பா?” என்பாள். வீடே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே செல்வராணிக்குச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வந்தாள், பெட்டி இல்லாமல்.

“என்ன வெலன்னாலும் சரி தாயி, ஒரு கேண்டில் குடு.”

“இல்ல அண்ணாச்சி. ஒரே ஒரு ஆளுதான் வாங்குனாகன்னு இந்த ஊருக்கு விக்கிறதையே ஆபீஸ்ல நிறுத்திட்டாக. அடுத்த வருசம் கேண்டிலுக்கு எங்கிட்டுப் போறதுன்னு முத்துலட்சுமி அக்கா கேக்குறாக. நீங்களே வந்து பதில் சொல்லுங்க.”