அம்மா புடவைக்குப் போன மயில்

பெற்ற தாயை வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அதுவும் என்னை மாதிரி வீட்டில் ஓவராகப் பீற்றிக்கொண்ட ஆளாக இருந்தால், அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

உத்திரமேரூர் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு பழைய நெல் குடோனில்தான் எங்கள் கம்பெனி. பால் பாக்கெட், மளிகைக் கவர், உர மூட்டையின் உள்பை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கழுவி, நறுக்கி, உருக்கிக் குருணையாக்கி, மறுபடி உருக்கிப் பலூன் மாதிரி ஊதினால் புதுத் தாள் ரெடி. அதில் படம் அச்சடித்துக் கவர் போடுவோம்.

ஆனால் பிளாஸ்டிக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சும்மா அச்சடித்தால் மை ஒட்டாது. ட்ரீட்டர் என்ற மெஷினில் விட்டு, தாளின் ஒரு பக்கத்துக்கு லேசாகக் கரண்ட் காட்ட வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் மை பிடிக்கும். எந்தப் பக்கம் காட்டியது, எந்தப் பக்கம் காட்டாதது என்று கண்ணுக்குத் தெரியாது. மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேய்த்துப் பார்ப்போம். கோடு நின்றால் சரியான பக்கம். இந்தக் கோடு போடுவதுதான் என் உத்தியோகம். (வீட்டில் 'குவாலிட்டி' என்று சொல்லி வைத்திருந்தேன். டிப்ளமோ படித்துவிட்டுக் கோடு போடுகிறேன் என்றால் நன்றாகவா இருக்கும்?)

எங்கள் ஊர் பெருநகர். அங்கே எங்கள் தெருவில் இந்த வேலைக்கு வேறு பெயர். அப்பாவின் அக்கா, என் அத்தை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "டிப்ளமா படிச்ச பொண்ணு குப்பைக் கம்பெனிக்குப் போய்க்கினு கீது" என்பாள். அம்மா கழனியில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவள். அவளுக்கு அது சுருக்கென்று குத்தும். ஒருநாள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீ அங்க இன்னா செய்றன்னு ஒண்ணாவது என் கண்ணால காட்டு. காட்டிட்டா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா வேலய வுட்டுட்டு வூட்ல இரு. மாப்ள பாக்கறேன்."

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குப்பையாக உள்ளே வந்தது பளபளவென்று வெளியே போவதைத் தினமும் பார்க்கும்போது மனசுக்கு ஏதோ தெம்பாக இருந்தது. விடுவதாக இல்லை.

காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பட்டுப்புடவை வைக்கிற கவருக்கு ஆர்டர் கொடுத்தார். நீலத்தில் ஒரு மயில், கீழே கடைப் பேர். முதல் அச்சு அன்றைக்குப் பூஜை. வீட்டு ஆட்களையும் கூட்டி வரலாம் என்றார் முதலாளி. அம்மா தன்னிடம் இருந்த ஒரே பட்டு, சந்தனக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

தரையில் நிமிர்த்தி வைத்திருந்த தாள் ரோலின் வட்ட முகத்தில் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். கோலம் மாதிரி அழகாக வைத்தேன். தூக்கி மெஷினில் மாட்டினால் பொட்டு வைத்த முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது. அம்மா நிற்கிற பக்கம் வெறும் மொட்டை ரோல். எனக்கு மனசு கேட்கவில்லை. பொட்டு வைத்தது யாருக்கும் தெரியாமல் என்ன பூஜை?

"ரோலைக் கழட்டித் திருப்பி மாட்டுங்க. பொட்டு சுவத்தப் பாக்கக் கூடாது" என்றேன்.

மாட்டினார்கள். திருப்பி மாட்டியதால் தாள் மேலே இருந்து வராமல் கீழே இருந்து வந்தது. வரட்டுமே, என்ன இப்போ என்று நானே அதை மெஷினில் கோத்துவிட்டேன். ராகுகாலம் நெருங்குகிறது என்று முதலாளி பறந்தார். மார்க்கர் பேனா என் பாக்கெட்டிலேயே இருந்தது. (சாமி கும்பிட்ட ரோலுக்கு டெஸ்ட் வைப்பது மரியாதையா?)

மயில் அருமையாக விழுந்தது. வெட்டி, ஒட்டி, முதல் கவரைப் பூஜைக்கு வந்திருந்த கடைக்காரரிடமும் அடுத்ததை அம்மாவிடமும் முதலாளி கொடுத்தார். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பால் பாக்கெட்லயா இத்த செஞ்சீங்கோ?" என்று கேட்டபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்புக்கு நான் ஆயுசு முழுக்கக் கோடு போடலாம். டீ வந்தது. அம்மா கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு டம்ளரை வாங்கினாள். ஷெட்டுக்குள் அனல். எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது.

டீயைக் குடித்து முடித்து அம்மா கவரை எடுத்தாள். கவர் வெறுமையாக இருந்தது.

"இன்னாடி இது, மயில் எங்க?"

மயில் அம்மாவின் இடுப்புக்கு மேலே, சந்தனக் கலர் பட்டில், தலை வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் தன் கையிலிருந்த கவரைக் கட்டைவிரலால் தேய்த்தார். கடைப் பேர் விரலுக்கு வந்துவிட்டது. "உள்ள பட்டுப்புடவை இருந்திருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் ரோலைப் பார்த்தேன். பொட்டு என்னைப் பார்த்தது. என்ன செய்து தொலைத்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. பொட்டுக்காகத் திருப்பியதில் தாளே புரண்டு, கரண்ட் காட்டாத பக்கத்தில் அச்சு விழுந்திருக்கிறது. அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "சரியா வந்தா காட்டுங்க, அப்பறம் பாக்கலாம்" என்று கடைக்காரர் கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் மயிலையே பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்து அதை மூடினாள். வேலை போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். மயில் அசையவில்லை. பிளாஸ்டிக்கில் நிற்காத மை பட்டில் குடும்பம் நடத்த வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் மூக்கில் வேர்த்து அத்தை வந்துவிட்டாள்.

"குப்பைக் கம்பெனிக்குப் போனா இப்டித்தான் ஆவும்."

அம்மா நிமிர்ந்தாள். "இன்னா குப்பை? மண்ணெண்ணெய் போட்டும் போவல பாரு. எம் பொண்ணு அடிச்சது." பிறகு என் பக்கம் திரும்பி, "மொதல்ல அந்தக் கவர்ல ஒயுங்கா நிக்க வையி. அப்பறம் வேலய வுடுறதப் பத்திப் பேசு" என்றாள்.

நிற்க வைத்தோம். புதுக் கவரைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள். நம்பிக்கை வராமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே சாயங்காலம் சமையல் வேலை முழுதும் செய்தாள். எடுத்துப் பார்த்தாள். மயில் அப்படியே இருந்தது. அந்தச் சந்தனக் கலர் புடவையை மடித்து அதற்குள் வைத்து, பீரோவில் மேல் தட்டில் ஏற்றினாள். நின்றுவிட்டது, இனி வேலையை விடச் சொல்வாள் என்று பயந்துகொண்டு நின்றேன்.

"செவப்புல வருமா?" என்றாள். அவ்வளவுதான்.

கடைக்காரரும் அந்தக் கவரைத் தேய் தேயென்று தேய்த்துவிட்டு ஆர்டரை மறுபடியும் எங்களுக்கே கொடுத்தார். இன்றைக்கும் அந்த ட்ரீட்டர் என் பொறுப்பில்தான் ஓடுகிறது. ரோலுக்குப் பொட்டு இரண்டு பக்கமும் வைக்கிறோம்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் அம்மாவின் அக்குளுக்குப் போய்த்தான் பாஸாக வேண்டும் என்று தெருவே கேலி செய்யும். என்னைப் பெண் கேட்டு ஒரு போட்டோ வந்தபோதும் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். கடைசியில் எடுத்துப் பார்த்து, "மூஞ்சி அப்டியே கீது" என்றாள். அத்தை உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கல்யாணமான பிறகு கதையைக் கேட்ட என் கணவர், இன்றைக்கும் என்னோடு சண்டை வந்தால் நேராக அம்மாவிடம் போய், "அத்தை, உங்க டெஸ்ட்ல இவளையும் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்கிறார்.