கயிற்றுக்குப் போட்ட கோடி

சாவு வீட்டில் யோசனை சொல்கிறவனைவிட, வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறவனால்தான் ஊருக்கு நன்மை. இது எனக்குப் புரிந்தபோது கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. புரியவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துபோன என் பெரியப்பா, இன்னொருவர் உயிரோடிருந்த என் மாமனார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி. பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஏரி நிரம்பினால் முதலில் முழுகுவது சுடுகாட்டுக்குப் போகும் வழிதான். (அடைமழையில் எவனும் சாகமாட்டான் என்று நம்பி யாரோ போட்ட வழி.) பெரியப்பா சரியாக அந்த மழையில் போய்ச் சேர்ந்தார். எனக்குக் கம்பெனியில் வேலை கிடைக்க யார் யார் வாசலிலோ நின்றவர் அவர். அவருடைய கடைசிக் காரியத்தில் ஒரு குறையும் வரக்கூடாது என்று நான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

மீன் குத்தகைக்காரர் ஏழுமலையின் படகில் பாடையை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவது, ஆட்களும் மேளக்காரர்களும் ஏரிக்கரையைச் சுற்றி நடந்து அங்கே போய்க் காத்திருப்பது என்று முடிவானது. மதகோரமாகப் படகைக் கட்டி, பெரியப்பாவை அதில் படுக்கவைத்தாகிவிட்டது. கிளம்ப வேண்டியதுதான். ஆனால் வடக்குப்பட்டிலிருந்து என் மாமனார் வந்து சேரவில்லை.

சம்பந்தி வராமல் பிணம் நகராது. சம்பந்தி வீட்டார் மாலையும் புது வேட்டியும் கொண்டுவந்து பிணத்தின்மேல் போர்த்த வேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். கோடி போடாத சம்பந்தி, பந்தியில் இலை கிடைக்காத விருந்தாளி மாதிரி. அந்த அவமானம் பேரன் பேத்தி காலம்வரை பேசப்படும். என் மனைவி சாந்தி புகுந்த வீட்டில் அவள் அப்பா போடப்போகிற முதல் கோடி இது. பஸ் ஓடாத அந்த மழையில் அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். சாந்தி வாசலிலேயே நின்றிருந்தாளாம்.

மாமனாருக்கும் எனக்கும் இடையில் ஒரு பழைய கணக்கு உண்டு. பெண் பார்க்கப் போனபோது என் வேலையைக் கேட்டார். மெயின்டனன்ஸ் ஹெல்பர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஹெல்பர்னா, யாருக்கு ஹெல்ப் பண்ணுவீங்க?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். பெண்ணைக் கொடுத்துவிட்டார்; அந்தக் கேள்வியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

காத்திருந்த நேரத்தில் நான் படகுக் கயிற்றைப் பார்த்தேன். நார்க்கயிறு. ஒரு முனை கரையிலிருந்த பனைமரத்தில், மறுமுனை படகின் மூக்கில், நடுவில் மதகுக் கல்லின் கூரான விளிம்பு. காற்று படகை ஏரிக்குள் தள்ள, அலை அதைக் கரைக்குத் திருப்ப, கயிறு அந்த விளிம்பில் ரம்பம் மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. ஒரு புரி ஏற்கனவே பிரிந்து நின்றது. கம்பெனியில் ஒயரோ ஹோஸோ தகட்டு ஓரத்தில் உரசினால் அங்கே துணி சுற்றுவதுதான் என் பிழைப்பு. இன்னும் கொஞ்ச நேரத்தில் இது அறுந்துவிடும் என்று ஏழுமலையிடம் சொன்னேன். தினமும் உரசுகிற கயிறுதான், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு, இன்னொரு துடுப்பு எடுக்கக் குடிசைக்குப் போய்விட்டார்.

என் தோள்துண்டை எடுத்துச் சுற்றினேன். பழைய துண்டு, பீடி பிடித்து முடிப்பதற்குள் அது நூல் நூலாகத் தொங்கியது. அப்போதுதான் மாமனார் வந்தார். முழங்கால்வரை சேறு, ஆனால் வேட்டி வெள்ளை வெளேர். கையிலிருந்த மஞ்சள் பையை என்னிடம் நீட்டி, "இத்த கொஞ்சம் புடிங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு, கால் கழுவி, என் அப்பாவிடம் கைகொடுத்துத் துக்கம் விசாரிக்கப் போனார்.

அடுத்து நான் செய்ததை விளக்க முப்பது வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறேன். கையில் பை. பைக்குள் துணி. கண்ணெதிரே அறுந்துகொண்டிருக்கும் கயிறு. கம்பெனியில் என் கைக்கு வரும் எந்தத் துணியும் ஒன்று துடைக்க வரும், இல்லையென்றால் சுற்ற வரும். மூளையைக் கேட்காமலே கை வேலையை முடித்துவிட்டது. எட்டாக மடித்து, கல் விளிம்பில் கயிற்றைச் சுற்றி இறுக்கி, துண்டின் கிழிசலால் இரண்டு பக்கமும் கட்டினேன். வேலை அருமையாக அமைந்தது. கயிறு அசைந்தது, தேயவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பெரியவர்களுக்கு உராய்வு என்றால் என்னவென்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். (இடம், பொருள், ஏவல் மூன்றும் அன்றைக்கு எனக்கு லீவு விட்டிருந்தன.) மாமனார் பார்க்க வேண்டும், ஹெல்பர் யாருக்கு ஹெல்ப் பண்ணுவான் என்று அவருக்கு இப்போதாவது புரிய வேண்டும் என்று மனசு துடித்தது.

மாமனார் வந்தார். கயிற்றைப் பார்க்கவில்லை. மாலையைப் பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். பெரியப்பாவின் கழுத்தருகே மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, கரையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கோடிய குடுங்க மாப்ளே."

பையில் ஒன்றுமில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் அப்பா பார்த்த பார்வையில் நானும் அந்தப் படகிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது. குனிந்தேன். முடிச்சை அவிழ்த்து வேட்டியை உருவினேன். சேறும் நாரும் ஒட்டி, நான்கு இடத்தில் கல் கடித்த ஓட்டையோடு அது கைக்கு வந்தது. அதை நான் உதறி முடிக்கவில்லை, கயிறு பட்டென்று அறுந்தது.

படகு போனது. என் பெரியப்பாவும் என் மாமனாரும் ஏரியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமனாருக்கு நீச்சல் தெரியாது. முதலில் நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு பெரியப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார். குடிசையிலிருந்து ஓடிவந்த ஏழுமலை என்னைத் திட்டியபடியே தண்ணீரில் குதித்தார். நான் வேட்டியைக் கையில் பிடித்தபடி கரையைச் சுற்றி ஓடினேன். படகு கவிழ்ந்துவிட்டால் சாந்தியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. கும்பிட்ட சாமிகளில் பாதிப் பேருக்கு இன்னும் தேங்காய் உடைக்கவில்லை.

காற்று நல்லவன். படகை அக்கரைப் பக்கமே கொண்டுபோனது. ஏழுமலை நீந்திப் போய்ப் பாதியில் பிடித்து, அக்கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார். நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது மேளம் நின்றிருந்தது. எல்லோரும் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பாவின்மேல் மார்பிலிருந்து கால்வரை ஒரு வெள்ளை வேட்டி ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. பக்கத்தில் என் மாமனார் பட்டாபட்டி டிராயரோடு கைகூப்பி நின்றிருந்தார். ஏரி நடுவில், எந்த நேரம் கவிழுமோ தெரியாத படகில், அந்த மனிதர் தன் இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கோடி போட்டிருக்கிறார். போகிற உயிர் போகட்டும், சம்பந்தி மரியாதை போகக்கூடாது.

ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறோம், அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர், கட்டின துணி கோடியாகுமா என்று ஆரம்பித்தார். பெரியம்மாவின் தம்பி அவரை ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார். சுற்றி நடந்து வந்து சேர்ந்த என் அப்பா தன் துண்டை எடுத்து மாமனாரின் இடுப்பில் தானே கட்டிவிட்டார். மேளம் மறுபடி எழுந்தது. பெரியப்பா சம்பந்தியின் வேட்டியோடுதான் போனார்.

எல்லாம் முடிந்து கிணற்றில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மாமனார் என் பக்கத்தில் வந்தார். சேற்று வேட்டி இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை வாங்கி, கல் கடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சுத்தி வச்சிருந்தீங்க. நீங்க அவுக்காம இருந்திருந்தா, நானும் அவுத்திருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவர் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் சேர்த்து மற்றவர்கள் பேசினார்கள். அடுத்து எங்கள் சித்தப்பா இறந்தபோது, மழையுமில்லை, படகுமில்லை, மச்சினன் குமார் இரண்டு வேட்டியோடு வந்தான். ஒன்றைச் சித்தப்பாவுக்குப் போர்த்திவிட்டு, மற்றதை எல்லோர் முன்னாலும் என்னிடம் நீட்டினான். "இது கயித்துக்கு மாமா." அன்றுமுதல் சாந்தி வீட்டிலிருந்து எந்தச் சாவுக்கு வந்தாலும் இரண்டு வேட்டிதான். என் பிள்ளைகள் அதை ஒரு சாஸ்திரம் என்றே நினைத்து வளர்ந்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் மாமனார் போனார். ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வெயில் நாள். ஸ்ரீபெரும்புதூர் கடையில் நான் இரண்டு வேட்டி வாங்கினேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கிடத்தியதும் ஒன்றை விரித்துப் போர்த்தினேன். கொஞ்சம் நின்றுவிட்டு மற்றதையும் பிரித்து, அதன்மேலேயே போர்த்தினேன். இடுப்புப் பக்கம் இரண்டு முறை சரிசெய்தேன்.

குமார் என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கேட்டான்.

"இன்னா மாமா, ரெண்டத்தையும் அவருக்கே போட்டுட்டீங்க. கயித்துக்கு?"

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த சாந்திதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மாமியார், அப்புறம் கூட்டம் முழுக்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவருக்கு ஒரு வேட்டி நான் பாக்கி என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.