கை தூக்காத சாமி

மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறார்கள், நாவலூரிலிருந்து வருகிறார்கள். எல்லாரும் ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சரிசெய்துகொண்டவர்கள். சரியாகிவிட்டதே, அப்புறம் இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். கேட்கிறவர்களுக்கு அங்கே பார்க்கிங் கிடையாது.

தோப்புக்குள் கொட்டகை. கொட்டகைக்குள் ஏசி. ஏசிக்கு நேர் கீழே நாடிநிறுத்தி சாமி. தம் இதயத்தைத் தாமே நிறுத்துவார், தாமே ஓட்டுவார். அவர் கட்டும் துடிப்புக் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை இதயம் தடம் மாறாதாம். ஆனால் கயிறு கட்டியவர் வேலைக்குப் போகக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது, மாடிப்படி ஏறவே கூடாது. மாதாமாதம் காணிக்கையோடு கயிறு மாற்ற மட்டும் வரலாம். பக்தர்கள் கையில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே ஸ்மார்ட் வாட்ச். ‘எழுந்து நட’ என்று அது அதிரும்போதெல்லாம் அதற்கும் திருநீறு பூசி அடக்கினார்கள்.

ஸ்ரீதேவியை அங்கே இழுத்து வந்தவர் அவள் கணவர் பார்த்தசாரதி. என்ஜினியர். மோட்டார் மக்கர் செய்தால் ஒயரைப் பார்ப்பார். மனைவியின் இதயம் என்றதும் ஜாதகத்தைப் பார்த்தார். அவளுக்கு இதயம் திடீர் திடீரென்று தாறுமாறாகத் துடிக்கும். டாக்டர் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கோளாறு செய்த இடத்தைச் சுட்டுச் சரிசெய்தார். ஓய்வு முடிந்தது, இனி நடக்கலாம், வேலைக்குப் போகலாம், ஓட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியும்விட்டார். நாளைக்கு நாவலூர் ஆபீசில் சேராவிட்டால் அவள் நாற்காலியில் வேறு ஆள். பாடுபட்டு வாங்கிய டீம் லீடர் பதவி. நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

“நாளைக்கு நான் ஜாயின் பண்ணியே ஆகணுங்க.”

“சாமி ஓகே சொல்லட்டும்மா. குழாய் விட்ட வழியா இதயம் கீழ இறங்கிட்டா?”

“தொடைக்கா?”

பார்த்தசாரதி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் கண்ணாயிரம், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவருக்கும் அதே சிகிச்சைதான். “டாக்டரு எப்பவோ வண்டி ஓட்டுன்னாரும்மா. சாமிதான் கூடாதுன்ட்டாரு. இப்ப ஆட்டோல கோழி அடை காத்துகினு கீது.”

சாமி முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு மணிக்கட்டைக் கண்ணாயிரம் பிடித்தார், மறு மணிக்கட்டைப் பார்த்தசாரதி.

“நின்னுட்ச்சுபா! துடிப்பே இல்ல!” என்று கண்ணாயிரம் அலறினார்.

“இங்கயும் ஜீரோ!” என்றார் என்ஜினியர். விஞ்ஞானமும் சாட்சி சொல்லியாயிற்று.

கொட்டகையே தேம்பியது. வரிசையாகச் சாமி காலில் விழுந்தார்கள். ஸ்ரீதேவியும் விழுந்தாள். சிகிச்சை முடிந்த அன்று, ரத்தம் கால்வரை ஓடுகிறதா என்று நர்ஸ் அவள் பாதத்தின் மேல் விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். அந்தப் பழக்கதோஷத்தில் இவள் விரலும் சாமியின் பாதத்தில் அதே இடத்துக்குப் போனது.

நின்றுபோன இதயம் அங்கே குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

இதயம் நின்றால் காலிலும் அல்லவா நிற்க வேண்டும்? கைக்குப் போகிற வழியில்தான் ஏதோ அடைத்திருக்கிறது. ஸ்ரீதேவி சாமியின் முழங்கைகளைப் பார்த்தாள். பிறகு பயபக்தியோடு எழுந்து கும்பிட்டாள்.

“சாமி, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்க.”

சாமி முழங்கையை அசைக்காமல் உள்ளங்கையை மட்டும் விரித்தார்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல சாமி. தலைக்கு மேல தூக்குங்க!”

ஆசீர்வாதத்தை விட்டுக்கொடுக்க நம் ஜனங்களுக்கு மனசு வருமா? “தூக்குங்க சாமி!” என்று கொட்டகை அதிரக் கத்தினார்கள்.

“சமாதியில இருக்கேன். தூக்கக்கூடாது” என்று சமாதியில் இருந்தவரே பதில் சொன்னார்.

“பாவம், சாமியால முடியல. நான் தூக்கி வுடறேன்” என்று கண்ணாயிரம் தான் பிடித்திருந்த கையை அன்போடு உயர்த்தினார்.

அக்குளிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது.

“வந்துட்ச்சு! துடிப்பு வந்துட்ச்சுபா!”

பார்த்தசாரதி மெதுவாகத் தன் பக்கத்துக் கையைத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு பழம்.

“அக்குள்ல பழத்தை வச்சு இறுக்கினா கைக்குப் போற ரத்தம்தான் நிக்கும். இதயம் பாட்டுக்கு ஓடும்” என்றாள் ஸ்ரீதேவி.

கொட்டகை யோசித்தது. அங்கே அது முதல் தடவை. அப்புறம் ஒரு குரல் ஈனஸ்வரத்தில் கேட்டது: “அப்போ பிரசாதம்னு குடுத்த லெமன் ஜூஸ்?”

சாமி எழுந்து ஓடினார். படி ஏறக்கூடாதவர்கள், வேகமாக நடக்கக்கூடாதவர்கள், அத்தனை பேரும் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வாட்சுகள் எல்லாம் ‘சபாஷ்’ என்று அதிர்ந்தன.

“நீ ஓடலையா?” பார்த்தசாரதி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்.

“ஓடலாம்னு டாக்டர் இன்னும் சொல்லலீங்க. நடக்கலாம்னுதான் சொல்லியிருக்கார்.” அவள் கயிற்றை வாங்காமலே சாலையை நோக்கி நடந்தாள்.

கண்ணாயிரம் தன் கயிற்றை அறுத்தபடி பின்னால் வந்தார். “காலைல ஆபீசுக்கு ஆட்டோ வேணுமாம்மா? வந்துடறேன். கோழியத்தான் எறக்கணும்.”

காலில் விழாதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கவா போகிறீர்கள்? விழுங்கள். விழுந்த இடத்தில் இரண்டு விரலையாவது வைத்துப் பாருங்கள்.