கண்ணம்மாளின் மதிப்பெண்

வேலம்பாளையம்,
திங்கள் காலை.

அன்புள்ள மாப்பிள்ளை மகுடேஸ்வரனுக்கு மச்சான் கிட்டுசாமி எழுதுவது. இங்கே என் சர்க்கரையும் ஊட்டு மோட்டாரும் சொன்ன பேச்சுக் கேட்கின்றன. அங்கே உங்கள் முழங்காலும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் சொன்னால் மச்சானுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம்.

உங்கள் அக்கா கண்ணம்மாள் படுக்கையில் கிடந்த ஒன்பது மாதமும் அரசாங்கத்தின் வீட்டுப் பராமரிப்பு உதவிக்காக நாம் அலையாய் அலைந்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிற கதையாக, அவள் கருமாதி முடிந்த மறுநாள் உத்தரவு வந்தது. கூடவே தேஜஸ்ரீ என்ற பராமரிப்புப் பெண்ணும் வந்தாள். ஆளே போய்விட்டது, நீ போம்மா என்றேன். "போன் ஆப்புல அம்மா பேரு இருக்குதுங்க அப்புச்சி. மேல இருந்து நிறுத்தச் சொன்னாத்தான் நான் நிறுத்த முடியும்" என்றாள். நாற்பது வருடம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஆர்டர் கொடுத்தவன் கேன்சல் சொல்லாமல் லைனை நிறுத்தினதே கிடையாது. "சரி கண்ணு, ஓட்டு" என்று சொல்லிவிட்டேன். ஊட்டில் ஒரு மனுசக் குரல் கேட்கட்டும் என்ற ஆசையும் இருந்தது, உங்களிடம் ஒளிப்பானேன்.

தினம் பத்து மணிக்கு வருகிறாள். வெறும் கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, தலையணையைத் தட்டிப் போட்டு, கட்டிலைப் போட்டோ எடுக்கிறாள். பச்சை டிக் விழுகிறது. ஆள் எவ்வளவு தேறியிருக்கிறது என்று வாரம் ஒரு முறை மதிப்பெண்ணும் விழும். முதல் வாரம் 'முழுப் படுக்கை', நூற்றுக்கு ஆறு. அதில் தப்பில்லை என்று விட்டேன். அடுத்த வாரம் 'புரண்டு படுக்கிறார்', பதினெட்டு. ஏன் கண்ணு இப்படிப் போட்டாய் என்றால், "நான் போடலீங்க, போட்டோவப் பாத்து அதுவே போடுது" என்கிறாள். போய்ப் பார்த்தேன் மாப்பிள்ளை, இழுத்து விரித்த விரிப்பில் இடது ஓரமாக ஒரு பள்ளம். உங்கள் அக்கா அந்தப் பக்கம்தான் படுப்பாள். பூனையாக இருக்கும் என்று கதவைச் சாத்தி வைத்தேன். மூன்றாம் வாரம் 'சாய்ந்து உட்காருகிறார்', முப்பத்தைந்து. எந்த ஊர்ப் பூனை சாய்ந்து உட்காருது, நீங்களே சொல்லுங்க. போன வாரம் 'பிடித்துக்கொண்டு நடக்கிறார்', அறுபது. தேஜஸ்ரீக்கு ஒரே சந்தோஷம். "அம்மா நல்லாத் தேறிட்டு வர்றாங்க அப்புச்சி. எம்பதத் தாண்டிட்டா உதவியே வேண்டாம்னு நிறுத்திருவாங்க" என்றாள். அவ போயி ஒண்ணரை மாசமாச்சு கண்ணு என்றேன். "அதத்தானுங்க மேல சொல்லச் சொன்னேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எனக்குப் பட்டப் பகலிலேயே அந்த அறைப் பக்கம் கால் போகமாட்டேங்குது. பயத்தைவிட வேதனைதான் அதிகம். கம்பெனியில் பனியன் செக்கிங்கில் நின்றே காலம் கழித்தவள். ஊட்டிலும் புது பனியனை உள்பக்கம் திருப்பி, தையலோரப் பிசிறெல்லாம் வெட்டாமல் எனக்குப் போடத் தரமாட்டாள். அவளை இனியாவது நிம்மதியாகப் படுக்க விடாமல், என் ஒருத்தன் தனிமைக்காக எழுப்பி உட்கார வைத்துவிட்டேனே என்று அழுகை வருகிறது. இறப்புச் சான்றிதழ் உங்களிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்குள் எடுத்து வந்து அந்த ஆபீசில் கொடுத்து, இதை நிறுத்திவிடுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மாகாளியாத்தா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மச்சான் கிட்டுசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தேஜஸ்ரீ வந்தாள். எண்பத்திரண்டு. 'தானே நடமாடுகிறார், வீட்டு வேலை செய்கிறார்.' இனி வரமாட்டாளாம். "அம்மாகிட்டச் சொல்லீருங்க அப்புச்சி" என்று கும்பிட்டுப் போனாள். கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போட்டுக்கொண்டு போகலாம் என்று, நேற்று காதர்பேட்டையில் வாங்கிப் பிரிக்காமல் பீரோவில் வைத்த புது பனியனை எடுத்தேன். பனியன் கவர் பிரிந்திருந்தது. பனியன் உள்பக்கம் திருப்பி மடித்திருந்தது. பிசிறு ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளை, சான்றிதழ் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் மட்டும் வாருங்கள். வரும் நாளை முன்னாடியே சொல்லிவிட்டால், அவளிடம் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடச் சொல்லிவிடுவேன்.