பதினான்கு கட்டங்களும் ஒரு துண்டும்

ஒரு விடுகதை. சுற்றாது, சுழலாது. சத்தம் போடாது. வைத்ததை மறக்காது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கும். அது என்ன?

"மனைவி" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சத்தம் போடாது என்று சொன்னேனே, கவனிக்கவில்லையா?

விடை, எஸ்.எஸ்.டி. லேப்டாப்பில் நாம் சேர்த்து வைப்பதையெல்லாம் காப்பாற்றும் புதுவகைப் பெட்டகம். எங்கள் லேப்டாப்பில் இருந்தது பழையவகை ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு நான் குளிக்கப் போவேன். தலை துவட்டி, சட்டை மாட்டி வந்தால் விழித்திருக்கும். எட்டு வருடப் பழக்கம்.

ஒருநாள் அதற்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"அப்பா, உள்ள யாரோ கதவைத் தட்றாங்க" என்றாள் எட்டு வயது மகள். அவள் முகம் சுருங்கிவிட்டது. நிலாவுக்குப் போகும் ஆமையின் கதையை அந்த லேப்டாப்பில்தான் வரைந்துகொண்டிருந்தாள். அறுபத்து நான்கு படங்கள். வேறு நகல் கிடையாது.

"டிஸ்க் போகப் போகுது. உடனே மாத்தணும்" என்றாள் மனைவி. தையல் கடை வைத்திருப்பவள். வாயில் எப்போதும் இரண்டு ஊசி இருக்கும். அப்படியும் தெளிவாகப் பேசுவாள்.

நான் எழுந்து நின்றேன். "இது ஆராய்ச்சி பண்ண வேண்டிய விஷயம். வேகமானதும் வேணும், நம்பகமானதும் வேணும். நானே தேர்ந்தெடுக்கிறேன். யாரும் தலையிடக் கூடாது."

"எத்தனை நாள் ஆகும்?"

"நூலகத்துல இருபதாயிரம் புத்தகத்துக்குப் பட்டியல் போட்டவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது?"

ஒரு நோட்டு வாங்கினேன். பதினான்கு கட்டம் போட்டேன். படிக்கும் வேகம், எழுதும் வேகம், ஆயுள், உத்தரவாதம், சூடு, எடை, உறையின் நிறம். லேப்டாப்பின் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன், அதிர்வைத் தாங்கட்டும் என்று. நான்காம் நாள் சத்தம் நின்றுவிட்டது!

"பாத்தியா? ஒரு துண்டு! வேகம்கூட ஏறியிருக்கு. சூட்டையெல்லாம் துண்டு இழுத்துக்குது."

மனைவி நூலைக் கடித்தாள். தோள் மட்டும் குலுங்கியது. "ஏங்க, அந்த டிஸ்க் விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

"பதினோராவது கட்டத்துல இருக்கேன். குறுக்கே பேசாதே."

இருபதாம் நாள் முடிவெடுத்தேன். சந்தையிலேயே அதிவேகமானது. கடைக்காரர், "எந்த லேப்டாப்புக்கு சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

வீட்டில் இருவரையும் உட்கார வைத்து, திருப்புளியால் லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தேன்.

உள்ளே ஏற்கெனவே ஒரு எஸ்.எஸ்.டி. இருந்தது. புத்தம் புதுசு. தூசிகூட இல்லை.

"திருடன்!" என்று கத்தினேன்.

"திருடன் எடுத்துட்டுப் போவான்ங்க. வச்சுட்டா போவான்?" என்றாள் மனைவி.

"அப்ப இது யாரு..."

"நீங்க முடிவெட்டப் போனீங்களே, மூணாம் நாள். அப்பத்தான். எல்லாத்தையும் அப்படியே நகல் எடுத்து, மாத்திட்டேன்."

"நான்தான் ஸ்க்ரூ பிடிச்சேன்" என்றாள் மகள். அம்மாவின் பொத்தான் டப்பாவைத் திறந்து காட்டினாள். பழைய டிஸ்க் அதற்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது.

பதினேழு நாள்! அதே லேப்டாப்பில், புது எஸ்.எஸ்.டி.யின் மேல் விரலை வைத்துக்கொண்டே எஸ்.எஸ்.டி. தேடியிருக்கிறேன். பத்து நொடியில் விழித்து, நான் குளித்து வரும்வரை அது காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இருக்கட்டும். உன்னுது சாதாரணம். என்னுது பத்து மடங்கு வேகம்!" என் பொட்டலத்தைப் பிரித்தேன். விரல் நீளத்தில் மெல்லிய பட்டை. லேப்டாப்பில் இருந்த இடமோ சீட்டுக்கட்டு அளவு. இப்படி வைத்தேன், அப்படி வைத்தேன், கவிழ்த்து வைத்தேன். அதைச் செருகுவதற்கு அந்த லேப்டாப்பில் வழியே இல்லை.

மனைவி என் நோட்டை வாங்கிப் புரட்டினாள். "பதினாலு கட்டம் இருக்கு. 'நம்ம லேப்டாப்புல பொருந்துமா'ன்னு ஒரு கட்டம் எங்கங்க?"

நான் உறையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அளவு எடுக்காம யாராவது துணி வெட்டுவாங்களா? நான் முதல்ல மூடியைத் திறந்து, எது பொருந்தும்னுதான் பாத்தேன். அப்புறம் பொருந்துறதுல நல்லதா ஒண்ணு. அவ்வளவுதான்."

கடைசி நம்பிக்கையாக மகளின் பக்கம் குனிந்தேன். ஆமை இதற்குள் நிலாவில் இறங்கிவிட்டிருந்தது, தொண்ணூற்றொன்றாம் படத்தில்.

"கண்ணு, நீ சொல்லு. இனிமே உன் படத்தையெல்லாம் யார்கிட்ட ஒப்படைப்பே? இருபது நாள் உழைச்ச அப்பாகிட்டயா, அம்மாகிட்டயா?"

மகள் யோசித்தாள். லேப்டாப்பை அம்மாவிடம் கொடுத்தாள். துண்டை என்னிடம் கொடுத்தாள்.